சுற்றுச்சூழல் அறிவியல் பட்டம்: காடு பார்க்க வந்தால் பியூரெட் கிடைக்கும்

போன் வாங்குவதற்கு முன் நாற்பது மதிப்புரை படிக்கிறோம். வாழ்க்கையில் மூன்று நான்கு வருடத்தை எடுத்துக்கொள்ளும் பட்டப்படிப்பை மட்டும் அட்டைப் படத்தைப் பார்த்தே தேர்ந்தெடுக்கிறோம். நான் சுற்றுச்சூழல் அறிவியலில் இளநிலை முடித்து, இப்போது கழிவுநீர் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். இந்தப் படிப்புக்கு 5-க்கு 3.5 கொடுப்பேன்.

முதலில் அந்த அட்டைப் படம். பச்சை இலை, ஆமைக் குஞ்சு, பைனாகுலரோடு ஒரு மாணவி. சேர்ந்த பிறகு முதல் வருடம் முழுக்க வேதியியல், உயிரியல், புவியியல், கொஞ்சம் இயற்பியல், அதன் தலைமேல் புள்ளியியல். விலங்குகள் மேல் உள்ள பாசத்தில் வந்தவர்கள் இங்கேதான் முகம் வாடுவார்கள். எங்கள் வகுப்பில் சிலர் முதல் வருடத்தோடு வேறு துறைக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். விளம்பரத்தில் காட்டியது ஒன்று, கையில் கொடுத்தது இன்னொன்று.

ஆனால் அந்த இன்னொன்று நல்ல சரக்கு. எனக்குப் படிப்பு பிடித்துப்போனது ஆய்வகத்தில்தான். நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்க விங்க்ளர் முறை என்று ஒன்று இருக்கிறது. 1888-இல் வந்தது, இன்றும் ஓடுகிறது. மாதிரி பாட்டிலில் மாங்கனீசு சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் விட்டால், ஆக்சிஜன் இருக்கும் தண்ணீரில் பழுப்பாக வீழ்படிவு இறங்கும். ஆக்சிஜன் இல்லையென்றால் வெள்ளையாகவே இருக்கும். அப்புறம் அமிலம், பியூரெட்டில் (சொட்டுச் சொட்டாக விடும் அளவுக் குழாய்) தயோசல்பேட், முடிவு நெருங்கும்போது ஸ்டார்ச். நீலம் மறையும் அந்தச் சொட்டில் நிறுத்த வேண்டும். பாட்டிலில் ஒரு காற்றுக்குமிழி மாட்டினாலும் போச்சு, மறுபடி மாதிரி எடுக்கணும். இதைக் கையால் செய்து பழகியவருக்கு "ஆறு செத்துப்போச்சு" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டத் தோன்றாது. எந்த இடத்தில், எத்தனை மணிக்கு எடுத்த தண்ணீர், லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று கேட்கத் தோன்றும். பாசிகள் பகலில் ஆக்சிஜன் விடும், இரவில் அவையே உறிஞ்சும். அதனால் ஒரே குளம் மாலையில் நன்றாகவும் விடியலில் மோசமாகவும் அளவு காட்டும்.

பிஓடி (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை) என்ற சோதனையும் இதன் நீட்சிதான். பாட்டிலை 20 டிகிரி செல்சியஸில் இருட்டில் ஐந்து நாள் வைத்து, நுண்ணுயிரிகள் எவ்வளவு ஆக்சிஜனைத் தின்றன என்று பார்ப்பது. ஏன் ஐந்து நாள்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனின் கழிவுநீர் ஆணையம், தங்கள் ஆறுகள் கடலைச் சேர அதற்கு மேல் ஆகாது என்று கணக்குப் போட்டது. அந்தத் தீவின் குட்டை ஆறுகளை வைத்து எடுத்த முடிவு, எங்கோ ஓடும் மாபெரும் ஆறுகளுக்கும் இன்று அளவுகோல். இதை வகுப்பில் சொன்ன ஆசிரியருக்கு என் 3.5-இல் அரை மதிப்பெண் சேரும்.

இன்னொரு சோதனை சிஓடி (வேதி ஆக்சிஜன் தேவை), நுண்ணுயிரிகளுக்குப் பதில் வேதிப்பொருள் மாசைத் தின்னும். இரண்டு மணி நேரத்தில் முடியும். ஆனால் வழக்கமான முறையில் பொட்டாசியம் டைக்ரோமேட், வெள்ளி உப்பு, பாதரச உப்பு எல்லாம் சேரும். மாசை அளக்கப் போய் நாமே நச்சுக் கழிவு உண்டாக்குகிறோம்! அதைத் தனிக் கலனில் சேர்த்து வைக்கும் ஒழுக்கத்தை முதல் வாரத்திலேயே மண்டையில் ஏற்றினார்கள். வேலைக்கு வந்த இடத்தில் எனக்கு முதலில் நல்ல பெயர் வாங்கித் தந்ததும் அதுதான்.

களப்பணிக்கும் முழு மதிப்பெண். சதுரச் சட்டத்தைத் தரையில் போட்டு உள்ளே இருக்கும் செடிகளை எண்ணுவது முதல் பத்து நிமிடம் சுவாரசியம், அப்புறம் முதுகுவலி. அதன் பயன் புள்ளியியல் வகுப்பில்தான் புரியும். ஒரே குளத்தில் பத்து பாட்டில் எடுத்தால் பத்து குளங்களைப் பற்றிப் பேச முடியாது. இந்தப் பொய்ப் பிரதியெடுப்பைப் பற்றி சூழலியலாளர் ஹர்ல்பர்ட் 1984-இல் எழுதிய கட்டுரையை எங்களை வரிவரியாகப் படிக்க வைத்தார்கள். அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது யாராவது அறிக்கை நீட்டினால் என் கண் முதலில் மாதிரி எண்ணிக்கைக்குத்தான் போகிறது.

பாடங்களில் மனதில் நிற்பது கனடாவின் ஏரி 226. 1973-இல் அதன் இடுப்பில் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பாதி மட்டும் பாசி பெருகிப் பச்சையானது. சலவைத்தூளில் இருக்கும் பாஸ்பேட் குற்றவாளியா இல்லையா என்று அப்போது நடந்துகொண்டிருந்த சண்டைக்கு, மேலிருந்து எடுத்த ஒரே புகைப்படம் பதில் சொன்னது. இப்படி ஒரு கேள்வி, ஒரு சோதனை, ஒரு விளைவு என்று சொல்லித் தந்த பேப்பர்கள் எல்லாமே அருமை.

சரி, 1.5 எங்கே போனது? அரை மதிப்பெண், சட்டமும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடும் (ஒரு திட்டம் சூழலை எப்படிப் பாதிக்கும் என்று முன்கூட்டியே கணிப்பது) சொல்லித் தந்த விதத்தில். அமெரிக்காவில் 1970-இல் தொடங்கி உலகம் முழுக்கப் பரவிய நடைமுறை அது. எங்களுக்கு அதன் படிநிலைகளை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். உண்மையான அறிக்கை ஒன்றைக் கொடுத்து, இதில் ஓட்டை எங்கே என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஜிஐஎஸ் (கணினியில் வரைபடத் தரவுகளைக் கையாளும் முறை) கடைசி வருடத்தில் வந்தது, அதுவும் அவசர அவசரமாக. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 முதல் இலவசம், அவற்றைக் கையாளும் க்யூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசம். முதல் வருடமே தொடங்குவதற்கு என்ன தடை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மீதி ஒரு மதிப்பெண் அகலத்துக்காகப் போகிறது. எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரியும். வேலைக்குப் போனால் பக்கத்தில் வேதியியலில் மூழ்கி வந்தவர் உட்கார்ந்திருப்பார். இதைச் சேரும்போது யாரும் சொல்வதில்லை. இரண்டாம் வருடத்துக்குள் நீர், மண், காற்று, வரைபடம், உயிரினம் என்று ஏதாவது ஒன்றில் ஆழமாக இறங்கியவர்களுக்குப் பிரச்சினை இல்லை. மற்றவர்கள் பட்டம் வாங்கிய பிறகு இன்னொரு படிப்பு தேடுகிறார்கள். அப்புறம் பெயர்க் குழப்பம் வேறு. சுத்திகரிப்பு நிலையத்தை வடிவமைக்க ஆசை என்றால் சுற்றுச்சூழல் பொறியியலுக்குப் போங்கள். கொள்கை, சமூகம், அரசியல்தான் ஆர்வம் என்றால் என்விரான்மென்டல் ஸ்டடீஸ் என்ற பெயரில் இருக்கும் படிப்புகள் பொருந்தும். இது அளப்பவர்களுக்கான படிப்பு.

சேரும் முன் மூன்று விஷயம் விசாரியுங்கள். கருவிகளை மாணவர்கள் தொடுகிறார்களா, அல்லது ஆசிரியர் இயக்கிக் காட்ட இவர்கள் குறிப்பெடுக்கிறார்களா? புள்ளியியல் கட்டாயமா, விருப்பப் பாடமா? கடைசி வருட ப்ராஜெக்ட்டுக்கு மாணவர்களே தரவு சேகரிக்கிறார்களா? முடிந்தால் சீனியர் ஒருவரைப் பிடித்து, அவருடைய ப்ராஜெக்ட் அறிக்கையை விட்டுவிட்டு அதன் பின்னால் இருக்கும் எக்செல் கோப்பைக் காட்டச் சொல்லுங்கள். கோப்பு இல்லை என்றால் வேறு கல்லூரி பாருங்கள்.