சந்தேகத்துக்கு உள்ளானவருக்குச் சோதனையா, எல்லோருக்கும் சோதனையா?

மாணவர்களையும் அவர்கள் பைகளையும் சோதிக்க விதி எழுதும் அமெரிக்க அரசுப் பள்ளிகளுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, குறிப்பிட்ட மாணவர் மீது நியாயமான சந்தேகம் இருந்தால் மட்டும் பையைத் திறப்பது. இதற்கு வாரண்ட் தேவையில்லை என்று 1985இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மற்றொன்று, வாசலில் மெட்டல் டிடெக்டர் வைத்து எல்லோரையும் சோதிப்பது. இதில் பாரபட்சத்துக்கு இடம் குறைவு. ஆனால் தவறே செய்யாத பிள்ளையும் வரிசையில் நிற்க வேண்டும்.

எல்லை தெளிவாக வகுக்கப்பட்டால், முதல் வழியையே ஆதரிப்பேன். அரிசோனாவில் 2003இல் 13 வயதுச் சிறுமியின் உள்ளாடையை விலக்கச் சொல்லிச் சோதித்தார்கள். தேடியது இபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை! எதுவும் கிடைக்கவில்லை. அது அரசியலமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2009 ஆனது. இத்தகைய சோதனை கூடவே கூடாது என்று விதியிலேயே எழுதிவிட வேண்டும்.