பங்கருக்கு அடியில் துணியா, ஜல்லி கான்கிரீட்டா?

ஓசூர்ப் பக்கம் மே மாதத்து மழை சொல்லிக்கொண்டு வராது. சாயங்காலம் அரை மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கோல்ஃப் மைதானத்தில் இறங்கினால் என் கண் முதலில் பங்கர்களைத்தான் தேடும். கோல்ஃப் ஆடுகிறவரின் பந்தை மடக்கிப் பிடிக்க வெட்டிவைத்த மணல் குழிதான் பங்கர். மழை பெய்த மறுநாள் அதன் சரிவில் மணலே இருக்காது. எல்லாம் வழிந்து அடியில் சேறோடு சேறாகக் கிடக்கும். மேலே கிழிந்த துணி மட்டும் துருத்திக்கொண்டு தெரியும்.

எனக்குச் சொந்த ஊர் பாலக்கோடு. பத்து வருடத்துக்கு மேலாக ஓசூர்ப் பக்கத்து மைதானம் ஒன்றில் பராமரிப்பு பார்க்கிறேன். மணலுக்கும் மண்ணுக்கும் நடுவே என்ன விரிப்பது என்ற கேள்வியில் இரண்டு வழியையும் செய்து பார்த்தாயிற்று. ஒன்று, ஜியோ டெக்ஸ்டைல் துணி, அதாவது தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் செயற்கை இழைத் துணி. இன்னொன்று, மணல் சேர்க்காமல் ஜல்லியும் சிமெண்டும் மட்டும் கலந்து போடும், தண்ணீர் இறங்கும் கான்கிரீட். எதுவும் விரிக்காமல் வெறும் தரையில் மணல் கொட்டுவதைப் பற்றி இங்கே பேச வேண்டியதில்லை. நம் சரளைச் செம்மண்ணில் ஒரே மழைக்காலத்தில் அந்த மணல் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும்.

துணியின் நல்ல குணங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். விலை குறைவு, ஒரே நாளில் விரித்து ஆணி அடித்துவிடலாம். நாளைக்குக் குழியின் வடிவத்தை மாற்ற நினைத்தால் சுருட்டி எடுத்துவிடலாம். தட்டையான பங்கருக்கு அதுவே போதும். எங்கள் ஃபேர்வே (பந்தை அடித்துக்கொண்டு போகும் புல்பாதை) ஓரத்துப் பங்கர்கள் பலவற்றில் இன்றும் துணிதான்.

சரிவான பங்கரில்தான் அது காலை வாருகிறது. துணியின் மேல் மணலுக்குப் பிடிப்பு இல்லை. தண்ணீர் பட்டதும் அப்படியே வழுக்கி இறங்கும். மணல் மெலிந்த இடத்தில், மணலை வாரிச் சமப்படுத்தும் ரேக்கின் பல் துணியில் மாட்டும், ஆணி தூக்கிக்கொள்ளும். மதிய வெயிலுக்குக் குளிர்ச்சி தேடி வரும் நாய்கள் அங்கேயே பறித்துப் படுக்கும். கையளவு கிழிசல் விழுந்தால் போதும், அடுத்த மழையில் அந்த வழியாகச் செம்மண்ணும் பொடிக்கல்லும் மேலே வரும். 2019-இல் மாறிய விதிப்படி பங்கருக்குள் கிடக்கும் கல்லையும் இலையையும் ஆட்டக்காரர் எடுத்துப் போடலாம். மணலுக்குள் புதைந்த கல் கண்ணுக்குத் தெரியாதே, மட்டை அதில்தான் போய் மோதும்.

என்னை முடிவெடுக்க வைத்தது மழைக்கு மறுநாள் வேலைதான். நூறு சதுர மீட்டர் பங்கர் ஒன்று. வழிந்த மணலைச் சரிவில் ஏற்ற நான்கு பேருக்கு அரை நாள் பிடிக்கும். தளி பக்கத்திலிருந்து வேலைக்கு வரும் அக்கா ஒருவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்: "ஏன் சார், இன்னிக்கி ஏத்துறோம், நாளைக்கி மழை பெஞ்சா திரும்ப எறங்கிடும்ல?" அந்த வாரம் மூன்று தடவை ஏற்றினோம். புல் வெட்ட வேண்டிய ஆட்களும் அதே குழியில் நின்றார்கள்.

கூலியை விடப் பெரிய நஷ்டம் மணல். ஒவ்வொரு தடவை வழியும்போதும் மண் கலக்கிறது. மண் கலந்த மணல் காய்ந்தால் ஓடு கட்டும், நனைந்தால் தண்ணீரைப் பிடித்துவைக்கும். அதைச் சலித்துத் திரும்பப் போட்டும் பார்த்தோம். நுண்மண் போகவே இல்லை. அந்த ஒரு பங்கருக்கே நாலு யூனிட்டுக்கு (யூனிட் என்பது நூறு கன அடி) மேல் மணல் வேண்டும். கெட்ட மணலை அள்ளிக் கொட்டிவிட்டுப் புதிதாக வாங்க வேண்டிவரும்போதுதான், துணியில் மிச்சம் பிடித்ததாக நினைத்த காசு எங்கே போனது என்று புரியும்.

இந்த இடத்தில் எம்-சாண்ட், அதாவது கல்லை உடைத்துச் செய்யும் மணல் பற்றி ஒரு வார்த்தை. கிரானைட் குவாரி சூழ்ந்த மாவட்டம், வாசலிலேயே எம்-சாண்ட் கிடைக்கும்போது வேறெதற்கு என்று கேட்பார்கள். பங்கர் மணலில் பெரும்பகுதி 0.25 முதல் 1 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். எம்-சாண்ட் கான்கிரீட்டுக்காகச் செய்தது. ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தரத்தின்படி 4.75 மில்லிமீட்டர் பருமன் வரை போகும், 150 மைக்ரானுக்கு (0.15 மில்லிமீட்டர்) கீழான பொடி 20 சதவீதம் வரை இருக்கலாம். துணியோ கான்கிரீட்டோ, அந்தப் பொடி அடியில் போய் அடைத்துக்கொள்ளும். கழுவிச் சலித்த சிலிக்கா மணலுக்குத்தான் என் ஓட்டு.

கான்கிரீட்டுக்கு வருவோம். இது நாங்கள் கண்டுபிடித்ததல்ல. ஜல்லிமேல் பாலிமர் தெளித்து இறுக்கும் 'பெட்டர் பில்லி பங்கர்' முறை அமெரிக்காவில் இருக்கிறது. 'கேப்பிலரி கான்கிரீட்' ஸ்வீடனிலிருந்து வந்தது. எங்களுடையது கட்டட வேலையில் ஏற்கெனவே இருக்கும் எளிய கலவை. அரை இன்ச் ஜல்லி எட்டு பங்கு, சிமெண்ட் ஒரு பங்கு, ஒரு சிமெண்ட் மூட்டைக்குச் சுமார் 20 லிட்டர் தண்ணீர். இரண்டு அங்குலக் கனம் போட்டால் நூறு சதுர மீட்டருக்கு இரண்டு யூனிட்டுக்குள் ஜல்லி, 18 மூட்டை சிமெண்ட். கீழே ஜல்லி நிரப்பிய வாய்க்காலும் நான்கு அங்குல ஓட்டைக் குழாயும் கட்டாயம்.

முதல் தடவை நாங்கள் தோற்றோம். கலவை வறட்சியாக இருக்கிறதே என்று மேஸ்திரி கூடுதலாகத் தண்ணீர் விட்டார், நானும் தடுக்கவில்லை. சிமெண்ட் பால் அடியில் இறங்கி உறைந்து, தண்ணீர் போக வழியில்லாமல் குளமாக நின்றது. உடைத்துப் போட்டுத் திரும்பச் செய்தோம். ஜல்லிமேல் சிமெண்ட் பூசினாற்போல் மினுங்க வேண்டும், வழியக் கூடாது. ஒரு வாரம் நனைத்துவைத்த பிறகு ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்துப் பார்த்தோம். ஊற்றிய இடத்திலேயே உள்ளே போய்விட்டது.

ஜல்லியின் சொரசொரப்பு மணலைப் பிடித்துக்கொள்கிறது. முன்பு நான்கு பேர் அரை நாள் நின்ற அதே பங்கரில், பலத்த மழைக்குப் பிறகும் ஒருவர் ரேக் போட்டுவிட்டு ஒரு மணி நேரத்தில் அடுத்த வேலைக்குப் போகிறார். மணல் நிறமும் மாறவில்லை.

குறையும் உண்டு. மணல் கனம் அடியில் நான்கிலிருந்து ஆறு அங்குலமும், சரிவில் இரண்டு மூன்று அங்குலமும் இருக்க வேண்டும். குறைந்தால் மட்டை கான்கிரீட்டில் மோதி ஆட்டக்காரரின் மணிக்கட்டு அதிரும். அதனால் வாரம் ஒரு தடவை கம்பி குத்தி அளக்கிறோம். கான்கிரீட்டின் விளிம்பும் புல்தரைக்குக் கீழே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் வெட்டும் பிளேடு அடிபடும். மார்ச், ஏப்ரலில் சரிவு மணல் சீக்கிரம் காய்ந்து உதிர்கிறது. அப்போது தண்ணீர் தெளிக்க வேண்டியிருக்கிறது. வடிவத்தை மாற்ற வேண்டுமென்றால் கடப்பாரைதான். மேட்டிலிருந்து பங்கருக்குள் ஓடிவரும் தண்ணீரைத் துணியும் தடுக்காது, கான்கிரீட்டும் தடுக்காது. மேல் பக்கத்தில் சின்ன வாய்க்கால் வெட்டித் திருப்பிவிட வேண்டும்.

எங்கள் கான்கிரீட் இதுவரை இரண்டு மழைக்காலம்தான் பார்த்திருக்கிறது. பத்து வருடத்தில் அதன் துளைகள் எவ்வளவு அடைபடும் என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது. அதனால் எல்லாப் பங்கரையும் ஒரேயடியாக மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. கிரீனை (குழி இருக்கும் மென்புல் தரை) ஒட்டிய, சரிவு அதிகமான மூன்று பங்கர்களை மட்டும் அடுத்ததாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஜல்லி இறங்கிவிட்டது, செப்டம்பர் மழைக்கு முன்னால் முடித்தாக வேண்டும்.