திரையைப் பார்க்காமல் பாட்டுக் கேட்க: நோக்கியா 5800 எக்ஸ்பிரஸ்மியூசிக்

ஒரு கைபேசி இசை கேட்க உகந்ததா என்பதை ஒரே ஒரு சோதனையால் முடிவு செய்வது என் வழக்கம். அதைச் சட்டைப் பையிலிருந்து வெளியே எடுக்காமலே அடுத்த பாட்டுக்குப் போக முடிகிறதா என்று பார்ப்பேன். இசைக்கென்றே தயாரித்ததாகச் சொல்லிக்கொண்டு வரும் மலிவு விலைக் கைபேசிகளில் பல இந்த இடத்திலேயே தோற்றுவிடுகின்றன. 2008 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட நோக்கியா 5800 எக்ஸ்பிரஸ்மியூசிக் இதில் தேறுகிறது. தேறும் விதம்தான் சற்று விசித்திரமானது. பழைய கைபேசிகளைத் தேடி வாங்குபவர்களிடையே இது இன்னும் கைமாறிக்கொண்டிருப்பதால், இசைக்காக மட்டும் இதை வைத்துக்கொள்வது தகுமா என்ற கேள்வியை முன்வைத்தே இதை எழுதுகிறேன்.

வரியும் சலுகையும் சேராமல் 279 யூரோ என்று அறிவிக்கப்பட்ட இதன் விலை, அன்றைய தொடுதிரை ஸ்மார்ட்போன்களின் வரிசையில் குறைவானதுதான். அந்த விலைக்குள் எதைக் கொடுப்பது, எதை விடுவது என்று முடிவெடுத்தவர்கள் பாட்டுக் கேட்பவரை மனத்தில் வைத்தே எடுத்திருக்கிறார்கள் என்பதற்கு, மேல் விளிம்பில் ஹெட்போன் செருக உள்ள 3.5 மில்லிமீட்டர் துளையே முதல் சான்று. 2007இல் வந்த முதல் ஐபோனில் அந்தத் துளை உள்ளே குழிந்திருந்ததால் பெரும்பாலான ஹெட்போன்களின் முனை அதில் பொருந்தாது. 5800 அறிவிக்கப்பட்ட அதே மாதம் விற்பனைக்கு வந்த முதல் ஆண்ட்ராய்டு கைபேசியான ஜி1இல் அப்படியொரு துளையே இல்லை. விலை கூடிய கைபேசிகள் தடுமாறிய இடத்தில், யாரிடமும் இருக்கக்கூடிய சாதாரண ஹெட்போனை அப்படியே செருக இது இடம் தந்தது.

ஆனால் உண்மையான கெட்டிக்காரத்தனம் அந்தத் துளையில் செருகப்படும் வயரில் இருக்கிறது. இதற்கு முந்தைய 5310 எக்ஸ்பிரஸ்மியூசிக்கில், திரையை ஒட்டி மூன்று பொத்தான்கள் பாட்டுக்கென்றே இருந்தன. விரலால் தடவியே முன்னும் பின்னும் போய்விடலாம். 5800இல் முகப்பின் பெரும்பகுதியைத் தொடுதிரை எடுத்துக்கொண்டபோது அந்தப் பொத்தான்கள் போய்விட்டன. வழவழப்பான திரையில் விரலுக்குத் தட்டுப்படுவது எதுவுமில்லை என்பதால், பார்க்காமல் இயக்கும் வசதி அத்தோடு தொலைந்திருக்க வேண்டும். அது தொலையாமல் காத்தது, பெட்டியிலேயே சேர்த்துக் கொடுத்த ஏடி-54 என்ற சிறு ரிமோட். ஒலியைக் கூட்டவும் குறைக்கவும், பாட்டை நிறுத்தி ஓட்டவும், அடுத்ததற்கும் முந்தையதற்கும் தாவவும், வரும் அழைப்பை ஏற்கவும் அதில் பொத்தான்கள் இருக்கின்றன. மைக்கும் அதிலேயே இருக்கிறது. அதைவிட முக்கியம், ரிமோட்டின் மறுமுனையில் இன்னொரு 3.5 மில்லிமீட்டர் துளை இருப்பது. கூடவே வரும் இயர்போன் பிடிக்காவிட்டால் அதைக் கழற்றி வைத்துவிட்டு, உங்களுக்குப் பழகிய ஹெட்போனை அங்கே செருகிக்கொள்ளலாம். பொத்தான்களும் மைக்கும் அப்படியே வேலை செய்யும். இன்றைய மலிவு இயர்போன்களின் வயரில் இருக்கும் ஒற்றைப் பொத்தானை இரண்டு முறை அழுத்துவதா மூன்று முறையா என்று குழம்பியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஒலியின் தரத்தைப் பற்றி மிகைப்படுத்த மாட்டேன். நல்ல ஹெட்போன் இருந்தால் குரல் தெளிவாகவும் முன்னால் நிற்பதாகவும் கேட்கிறது. அடித்தள ஒலி அடக்கமானதுதான். பக்கவாட்டில் உள்ள இரட்டை ஸ்பீக்கர்கள் ஓர் அறைக்குப் போதுமான அளவு உரக்கப் பாடும், ஆனால் தாளத்தின் கனம் அவற்றில் வராது. எம்பி3, ஏஏசி, டபிள்யூஎம்ஏ கோப்புகளை இயல்பாகவே பாடும் இதற்கு, தரம் குறையாமல் ஒலியைச் சுருக்கி வைக்கும் ஃபிளாக் கோப்பு தெரியாது. பெட்டியில் வந்த 8 ஜிபி மெமரி கார்டில், ஐந்து நிமிடப் பாட்டு ஒன்றுக்கு 320 கேபிபிஎஸ் தரத்தில் சுமார் 12 எம்பி என்று கணக்கிட்டால், ஏறத்தாழ 650 பாட்டுகள் அடங்கும். நோக்கியா சொல்லும் உச்ச வரம்பு 16 ஜிபி. மாதக்கணக்கில் மாற்றாமல் கேட்க அதுவே எனக்குத் தாராளம்.

பேட்டரி 1320 எம்ஏஎச். பாட்டு மட்டும் ஓடினால் 35 மணி நேரம் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. பழையதை வாங்குபவர்களுக்கு அதைவிடப் பயன்படும் செய்தி, இதில் உள்ள பிஎல்-5ஜே பேட்டரியைக் கையாலேயே கழற்றி மாற்றலாம் என்பதும், அதே வகை 2013இல் வந்த லூமியா 520 வரை பயன்பட்டது என்பதும்தான். ஒரு குறை உண்டு: மைக்ரோ யூஎஸ்பி துளை இருந்தும் அதன் வழியே சார்ஜ் ஏறாது. நோக்கியாவின் மெல்லிய ஊசிமுனைச் சார்ஜர் தனியாக வேண்டும்.

திரை, 3.2 அங்குலத்தில் 640க்கு 360 புள்ளிகள் கொண்டது. அழுத்தத்தை உணர்ந்து இயங்குவது. மென்மையாகத் தடவினால் அசையாது. நகத்தாலோ குச்சியாலோ அழுத்த வேண்டும். இதற்கென்று கிட்டாரை மீட்டும் வில்லை போன்ற ஒன்றையும் பெட்டியில் வைத்தார்கள். வேடிக்கையான யோசனைதான், ஆனால் அதைத் தேடி எடுத்துப் பாட்டு மாற்றுபவரை நான் பார்த்ததில்லை. பட்டியலில் ஒரு பாட்டை முதல் தட்டலில் தேர்ந்தெடுத்து, இரண்டாம் தட்டலில் திறக்க வேண்டியிருப்பது எரிச்சலூட்டும். பக்கவாட்டில் தள்ளிப் பூட்டும் விசை ஒன்று இருப்பதால், பைக்குள் போட்ட பிறகு திரை தானாக எதையும் அழுத்திக்கொள்ளாது என்பது ஆறுதல்.

இன்றைய ஸ்ட்ரீமிங் செயலிகள் எவையும் இதில் ஓடா. இதை இயக்கும் சிம்பியன் இயங்குதளம் கைவிடப்பட்டுப் பல ஆண்டுகளாகிவிட்டதால் இனி ஓடப்போவதும் இல்லை. பாட்டுகளைக் கோப்புகளாகச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும். அவர்களுக்கு, 109 கிராம் எடையில், கேட்கும்போது நடுவே எந்த அறிவிப்பும் வந்து குறுக்கிடாத ஒரு பாட்டுப் பெட்டி கிடைக்கும். வாங்கும்போது ஏடி-54 ரிமோட்டும் சேர்ந்து வருகிறதா என்பதை முதலில் கேளுங்கள், ஏனென்றால் பழைய பெட்டிகளில் எளிதில் தொலைந்துபோகக்கூடியது அதுதான். அது இல்லையென்றால் 5800ஐ விட்டுவிட்டு, பொத்தான்களோடு இருக்கும் அந்தப் பழைய 5310ஐத் தேடுவேன்.