மாடித்தோட்டத்துக்கு வேப்பெண்ணெயா, சோப்பா, கடை மருந்தா?

மாடித்தோட்டம் போட்டவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு சீக்கிரமே மாவுப்பூச்சிக்கு வந்துவிடும். ஒருவர் வேப்பெண்ணெய் என்பார். இன்னொருவர் சோப்புத் தண்ணீரே போதும் என்பார். மூன்றாவதாக ஒருவர் வந்து, "உரக்கடையில ஒரு பாட்டில் வாங்கி அடிச்சு விடுங்க, ரெண்டே நாள்" என்று பேச்சை முடித்து வைப்பார். மூன்றையும் அடித்துப் பார்த்தவன் நான். பூச்சியைக் கொல்லுமா என்று கேட்டால் மூன்றுமே கொல்லும். நான் இப்போது கேட்டுக்கொள்வது வேறு: இந்தச் செடியில் எதைத் தின்கிறோம், எத்தனை நாளில் பறிக்கப் போகிறோம்?

கேள்வியை இப்படிப் போட்டதும் விடை செடிக்குச் செடி மாறிவிடுகிறது. புதினா, கொத்தமல்லியில் நாம் அடிப்பது நேராகச் சட்னியில் விழுகிறது, நடுவில் அடுப்புகூட இல்லை. கத்தரிக்காய்க்கு வழவழப்பான தோல் உண்டு, தேய்த்துக் கழுவலாம், வேகவும் வைக்கிறோம். வெண்டைக்காயை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றிவிடும். அடித்துப் பத்து நாள் கழித்துப் பறி என்று பாட்டிலில் போட்டிருந்தால், ஐந்து பறிப்பைத் தூக்கிக் குப்பையில் கொட்ட வேண்டும். யார் கொட்டுகிறார்கள்?

முதலில் வெறும் தண்ணீரைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை யாரும் மருந்தாகவே எண்ணுவதில்லை. கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சியான அசுவினிக்கு, இலையின் அடிப்பக்கத்தில் ஹோஸ் வைத்துக் கொஞ்சம் வேகமாகப் பீய்ச்சினால் போதும். மெல்லிய உடம்பு, கீழே விழுந்தால் பெரும்பாலும் திரும்பி ஏறாது. தொடர்ந்து மூன்று நான்கு காலை செய்ய வேண்டும். மாவுப்பூச்சியிடம் இது செல்லாது. வெள்ளை ஈ பறந்து போய்விட்டு, நாம் இறங்கியதும் வந்து உட்காரும்.

அதற்கு அடுத்தபடி சோப்பு. லிட்டருக்கு 5 முதல் 10 கிராம் காதி சோப்பைச் சீவிக் கரைத்தால் கரைசல் தயார். அது பூச்சியின் மேல் நேராகப் பட்டால்தான் வேலை செய்யும், அதுவும் ஈரம் இருக்கும் வரைதான். காய்ந்த பிறகு வருகிற பூச்சிக்கு ஒன்றும் ஆகாது. இதைத்தான் பலர் குறையாகச் சொல்கிறார்கள். கீரைக்கும் புதினாவுக்கும் எனக்கு இதுவே நிறை. மறுநாள் நன்றாக அலசிவிட்டுப் பறித்துக்கொள்ளலாம். முட்டைகள் பொரித்து வரும் என்பதால் நான்கைந்து நாள் விட்டு மறுபடி அடிக்க வேண்டும், அவ்வளவுதான். சோப்பு என்றதும் துணி துவைக்கும் பவுடரைக் கரைப்பவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கச் செய்த பொருள் இலையின் மெழுகுப் பூச்சையும் சேர்த்தே எடுத்துவிடும், இலை கருகும்.

வேப்பெண்ணெயின் குணம் நேர் எதிர். அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சியைத் தின்னவிடாது, தோலுரிக்கவும் விடாது. ஆனால் பூச்சி சாக நான்கைந்து நாள் ஆகும். பொறுமை போவது இந்த இடத்தில்தான். "ஒண்ணும் ஆகலையே" என்று அளவை இரட்டிப்பாக்குவோம். வயலுக்கு 3 சதவீதம், அதாவது லிட்டருக்கு 30 மில்லி என்று வேளாண் பரிந்துரைகளில் இருப்பதைப் படித்துவிட்டு, அதே அளவைத் தொட்டிப் புதினாவுக்குக் கலந்தேன். அடித்தது சித்திரை வெயிலில், காலை பதினொரு மணிக்கு. இரண்டு நாளில் பாதி இலை கருத்துவிட்டது. மிச்சத்தை அரைத்ததில் அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "இது சட்னியா கஷாயமாடா?" என்றார். இப்போது நான் கலப்பது லிட்டருக்கு 5 மில்லி, ஒரு டீஸ்பூன். அதையும் முதல் நாள் இரண்டு இலையில் மட்டும் அடித்துப் பார்த்துவிட்டு, மறுநாள் மாலை ஐந்து மணிக்கு மேல்தான் முழுச் செடிக்கும். வெயில் பட்டால் அசாடிராக்டின் சீக்கிரம் சிதைந்துவிடும், தேனீக்களும் அந்த நேரத்தில் கூடு திரும்பியிருக்கும்.

கலக்கும் முறையில்தான் பாதிப்பேர் கோட்டை விடுகிறோம். தண்ணீரில் எண்ணெயை ஊற்றிக் குலுக்கினால் அது மேலே மிதக்கும். தெளிப்பானின் குழாய் அடியிலிருந்து உறிஞ்சுவதால் முதலில் அடிக்கும் செடிக்கு வெறும் தண்ணீர், கடைசிச் செடிக்கு வெறும் எண்ணெய். எண்ணெயில் சோப்புக் கரைசலை முதலில் குழைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட வேண்டும். பால் மாதிரி வெளுத்தால் சரி. அப்புறம், பூஜைக் கடையில் விளக்குக்கு என்று விற்கும் எண்ணெய் வேண்டாம், அதில் என்னென்ன கலந்திருக்கும் என்று நமக்குத் தெரியாது. வேப்ப மரம் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துத் துணியில் கட்டி ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போட்டால் மறுநாள் 5 சதவீதக் கரைசல் ரெடி. அன்றே தீர்த்துவிட வேண்டும்.

இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய்க் கரைசல் பூச்சியை விரட்டும், வந்து குடியேறியதை அவ்வளவாகக் கொல்லாது. காற்றுக்கு எதிராக நின்று அடித்தால் நம் கண்தான் முதலில் எரியும்.

"இயற்கைதானே, ஒன்றும் செய்யாது" என்பதை நான் நம்புவதில்லை. புகையிலைக் கரைசலும் இயற்கைதான். அதிலுள்ள நிகோட்டின் தோல் வழியாகவே உடம்பில் இறங்கும் நஞ்சு. போதாக்குறைக்கு, அதில் இருக்கக்கூடிய புகையிலைத் தேமல் வைரஸ் தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றும். வேப்பெண்ணெயைக் கைக்குழந்தைக்குப் புகட்டி வலிப்பு வந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. பஞ்சகவ்யத்தை வேருக்கு ஊற்றுவேன். பச்சையாகத் தின்னும் இலைமேல் மட்டும் தெளிக்க மாட்டேன், அதில் சாணம் இருக்கிறது. பயிர் உண்ணும் பகுதி மண்ணில் படுமானால், மக்காத சாணத்தை அறுவடைக்கு 120 நாள் முன்பே இட்டுவிட வேண்டும் என்கின்றன அமெரிக்க இயற்கை வேளாண் விதிகள்.

சரி, கடை மருந்து. மருந்து என்று சொல்லிச் சொல்லியே அது நஞ்சு என்பது மறந்துவிட்டது. இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிக்கொல்லிகள் செடிக்குள் ஊடுருவிச் சாற்றோடு போகும். எத்தனை முறை கழுவினாலும் உள்ளே இருப்பது போகாது. அளவோ லிட்டருக்கு அரை மில்லிக்கும் குறைவு. வீட்டில் அதை யார் அளக்கிறோம்? பாட்டில் மூடியால் ஒரு மூடி என்போம், அது பத்து மடங்கு. லேபிளில் உங்கள் பயிரின் பெயர் இல்லாவிட்டால் அந்தப் பாட்டில் உங்களுக்கானது இல்லை. பெயர் இருந்தால், அடித்த பிறகு எத்தனை நாள் பறிக்கக் கூடாது என்ற காத்திருப்புக் காலத்தைப் பாருங்கள், கூடவே லேபிளில் இருக்கும் முக்கோணத்தின் நிறத்தையும். சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு, அடுத்து மஞ்சள், நீலம், கடைசியில் பச்சை. சிவப்பு முக்கோணம் கொண்ட மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லியைக் காய்கறிக்கு அடிக்க 2005லேயே தடை வந்துவிட்டது. 2013இல் பீகாரில் சத்துணவு சாப்பிட்ட 23 பள்ளிக் குழந்தைகள் இறந்தது அந்த நஞ்சு சமையல் எண்ணெயில் கலந்ததால்தான். அதனால் மிச்சக் கரைசலைத் தண்ணீர் பாட்டிலிலோ எண்ணெய் டப்பாவிலோ ஊற்றி வைக்கிற பழக்கம் என் வீட்டில் கிடையாது, வேப்பெண்ணெயாக இருந்தாலும்.

இலையில் வெள்ளைப் பொடி படிகிற சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம், அதாவது தண்ணீரில் கலந்து அடிக்கும் கந்தகத் தூள், நன்றாகவே கேட்கும். ஆனால் நம் ஊர் வெயிலில் இலையைச் சுட்டுவிடும், எண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் தெளித்தால் இன்னும் மோசம். பாகல், புடலை வகைகளுக்குக் கந்தகம் ஆகாது.

இப்போது என் மாடியில் கீரைக்கும் புதினாவுக்கும் தண்ணீரும் சோப்பும் மட்டுமே. கத்தரி, தக்காளி, மிளகாய்க்கு வேப்பெண்ணெய், அடித்து மூன்று நாள் பறிப்பதில்லை. கத்தரியில் துளைப்பான் புகுந்து நுனி வாடினால் எதை அடித்தும் பயனில்லை, புழு உள்ளே இருக்கிறது. நுனியை வெட்டி எரித்துவிடுகிறேன். கடை மருந்து வாங்குவதை நிறுத்திவிட்டேன். தெளிப்பான் எடுத்துப் போகும் முன் தண்ணீர்த் தொட்டி மூடியிருக்கிறதா, பக்கத்தில் வற்றல் காய்கிறதா, கொடியில் யார் துணி தொங்குகிறது என்று ஒரு சுற்றுப் பார்ப்பேன். கறிவேப்பிலையில் வருகிற பச்சைப் புழுவுக்கு மட்டும் எதுவும் அடிப்பதில்லை. மொத்தம் ஐந்தாறு இருக்கும், கையால் எடுத்தே முடித்துவிடலாம்.