மன்னார்ச் சுற்றுக்கு அப்பாவின் லுமாலாவா, ஜப்பான் கியர் சைக்கிளா?

கிளிநொச்சியில் வெளிக்கிட்டு பரந்தன், பூநகரி, முழங்காவில், விடத்தல்தீவு வழியாக மன்னார். திரும்பும்போது முருங்கன், வவுனியா, பிறகு ஏ9 வீதியால் வீடு. மாசி மாதத்தில் மூன்று நாள் ஓட்டம். கொட்டிலில் கிடந்த அப்பாவின் 28 அங்குல லுமாலா, கியர் இல்லாத பழைய சைக்கிள். அதைக் கடையில் கொடுத்து முழுதாகக் கழட்டிப் பூட்டுவித்தேன். கூட வந்த மச்சான், ஜப்பானில் பாவித்து இங்கு வந்த 26 அங்குல கியர் சைக்கிள் ஒன்றை வாங்கினான். நான் எந்தப் பக்கம் என்பதை முதலே சொல்லிவிடுகிறேன்: லுமாலா பக்கம்.

வண்டியின் பாரம், இருக்கை, பிறேக் மூன்றிலும் கியர் சைக்கிள்தான் மேல். மழையில் நனைந்த றிம்மில் லுமாலாவின் கம்பி பிறேக் பிடிப்பதும் பிடிக்காததும் ஒன்றுதான். செலவில் என் பக்கம் வெற்றி. அவன் கொடுத்த காசில் பாதிகூட எனக்குச் செலவாகவில்லை.

ஆனால் தூர ஓட்டத்துக்கு நான் பார்ப்பது ஒன்றைத்தான். நடுவழியில் உடைந்தால் யார் திருத்துவார், எதை வைத்துத் திருத்துவார்?

கழட்டும்போது நானும் கடையில் குந்தியிருந்தேன். பின் சில்லின் அச்சைக் கழற்றி, போல்ஸை (உருளும் இரும்புக் குண்டுகளை) மண்ணெண்ணெய்த் தட்டில் கொட்டினார் கடைக்கார அண்ணை. பக்கத்துக்கு 9, கால் அங்குலப் போல்ஸ். அச்சில் போல்ஸைத் தாங்கும் கோனை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். போல்ஸ் ஓடும் தடத்தில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள். “தம்பி, கோன் தின்னுப்பட்டுப் போச்சு. போல்ஸை மட்டும் மாத்தி வேலையில்லை.” சரி, இரண்டையும் மாற்றினோம். செயினில் 24 கண்ணி நீளம் 12 அங்குலம் இருக்கவேண்டும். அளந்தால், தேய்ந்து கால் அங்குலம் கூட. அதையும் மாற்றினோம். பின் றிம்முக்கு மட்டும் அலைந்தேன். இந்த வகைச் சைக்கிளுக்குப் பின்னால் 40 கம்பி, முன்னால் 32. 36 துளை றிம்மைக் கட்டித் தரப் பார்ப்பார்கள்; எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

பெடல் தண்டை அச்சோடு இறுக்கும் கொட்டர் பின் புதிதாகப் போட்டால் முதல் நாள் ஓடியபின் மறுபடி தட்டி இறுக்கவேண்டும். பூநகரி தாண்டியதும் மிதிக்கு ஒரு ‘டக்’ கேட்கத் தொடங்கியது. வீதியோரக் கடையில் சுத்தியல் வாங்கி நாலு தட்டு, நட்டில் ஒரு முறுக்கு. அவ்வளவுதான் என் வண்டி வழியில் கேட்ட வேலை.

மச்சானுக்கு வெள்ளாங்குளத்துக்குக் கிட்டப் பின் கியருக்குள் ஒரு தடி போய்ச் சுற்றியது. கியரைத் தாங்கும் அலுமினியக் காது மளுக்கென்று முறிந்தது. அடுத்த கடையில் ரயர் இருந்தது, ரியூப் இருந்தது, அந்தக் காது மட்டும் இல்லை. எப்படி இருக்கும்? ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு வடிவம். கடைசியில் செயினை வெட்டிக் குறுக்கி, கியரைக் கழற்றிப் பையில் போட்டு, 18 கியர் வண்டியை ஒற்றைக் கியர் வண்டியாக்கித்தான் மன்னார் போனோம்.

அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. வன்னியில் ஏற்றம் இல்லை, கியர் எதற்கு என்று கேட்பவர்கள் தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்றை மறந்துவிடுகிறார்கள். வைகாசிக்குப் பிறகு பூநகரியிலிருந்து மன்னார் போவது முகத்துக்கு நேரே காற்றைத் தள்ளிக்கொண்டு போவது. நாங்கள் மாசியில் போனதால் அந்தச் சோதனை எனக்கு வரவில்லை. சோளகத்தில் ஒற்றைக் கியரை மிதித்துவிட்டு இதே மாதிரி எழுதுவேனா என்று தெரியாது. அப்புறம், பெடல் அச்சு ஓடும் அடி மூட்டில் பிறேம் துருப்பிடித்திருந்தால் பழையதில் காசைக் கொட்டாதீர்கள். அப்பாவின் வண்டி கூரைக்குக் கீழ் நின்றதால் தப்பியது.

மச்சானின் சைக்கிள் இன்னும் ஒற்றைக் கியரில்தான் ஓடுகிறது. காதுக்கு வவுனியாவில் சொல்லிவைத்திருக்கிறான்.