8×42, 10×42, ஸ்கோப்: நெல்லைச் சீமையில் எங்கே எது எடுபடும்?

எந்த பைனாகுலர் நல்லது என்று வெளிநாட்டு வேட்டைக்காரரிடம் கேட்டால், எந்த நிலத்துக்கு என்று திருப்பிக் கேட்பார். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி (1972) இங்கே வேட்டைக்கு இடமில்லை. ஆனால் பறவையும் விலங்கும் பார்க்கப் போகிறவர்களுக்கு அவர் கேள்வி அப்படியே பொருந்தும். சோலைக்காடு, குளம், தேரி என்கிற செம்மணல் வெளி மூன்றையும் ஒரே நாளில் சுற்றிவிடலாம் என்பதால் நெல்லைக்காரர்களுக்கு இன்னும் கூடுதலாகவே பொருந்தும்.

8×42 என்பதில் 8 எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 42 முன்லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25. கண்ணுக்கு வந்து விழும் ஒளிவட்டத்தின் அளவு அது. 10×42க்கு இது 4.2, சட்டைப்பைக்குள் அடங்கும் 10×25க்கு வெறும் 2.5. நல்ல வெயிலில் நம் கண்மணியே இரண்டு மூன்று மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுவதால் வித்தியாசம் தெரியாது. கண்மணி விரியும் மங்கல் நேரத்தில்தான் 10×25இன் வண்டவாளம் வெளியே வரும்.

முண்டந்துறையிலும் மாஞ்சோலைப் பக்கமும் மரத்தடியில் சாயங்காலம் நாலு மணிக்கே அந்த மங்கல் வந்துவிடும். அங்கே 8×42தான், இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை. காட்டில் பறவை இருபது மீட்டர் தள்ளித்தான் இருக்கும், ஒரு கிளையில் மூன்று விநாடிதான் உட்காரும். அந்தத் தூரத்தில் 8×42 சுமார் இரண்டரை மீட்டர் அகலத்துக்குக் காட்சி காட்டும். 10×42 இரண்டேகால் மீட்டருக்குள் நின்றுவிடும். இலைக் கூட்டத்தில் பறவையைத் துழாவும்போது அந்த ஒரு சாண் அகலம் பெரிய விஷயம். ஏற்றம் ஏறி மூச்சு வாங்கும்போது கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும். முக்காலியில் நிறுத்தி ஒற்றைக் கண்ணால் பார்க்கும் ஸ்கோப்பைக் காட்டுக்குள் சுமப்பது வீண். மேலே புல்வெளிச் சரிவில் வரையாடு பார்க்க அனுமதி வாங்கிப் போகிறவர்களுக்கு மட்டும் 65 மில்லிமீட்டர் ஸ்கோப் பயன்படும். 80ஐத் தூக்கிக்கொண்டு மலையேறினால் தோள்பட்டை கழன்றுவிடும்.

மலை ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். நைட்ரஜன் அடைத்த, நீர் புகாத பைனாகுலரையே வாங்குங்கள். ஏசி காரிலிருந்து இறங்கியதும் கண்ணாடி வெளியே வியர்க்கும்; துடைக்காமல் பத்து நிமிடம் விட்டால் தானாகத் தெளியும்.

தேரியில் கணக்கு மாறுகிறது. குதிரைமொழித் தேரியிலோ, வல்லநாட்டு வெளிமான் காட்டிலோ மறைப்பு குறைவு, தூரம் அதிகம், வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. இங்கே 10×42 நன்றாக எடுபடும். ஆனால் ஆனி, ஆடியில் மேல்காற்று வீசும்போது பணகுடி, ராதாபுரம் பக்கத் திறந்தவெளியில் பத்து மடங்கைக் கையில் நிறுத்த முடியாது. உட்கார்ந்து முழங்காலில் முழங்கையை ஊன்றிப் பார்க்க வேண்டும். இன்னொரு தொல்லை மணல். தேரி மணல் இரும்புச் சிவப்பேறிய குவார்ட்ஸ், கண்ணாடியைக் கீறிவிடும். வேட்டி முனையால் துடைத்தால் லென்ஸ் பூச்சு அன்றோடு சரி. முதலில் காற்றடித்து ஊத வேண்டும், பிறகு மெல்லிய பிரஷ், துணி கடைசியில்தான்.

ஸ்கோப்புக்கு உண்மையான வேலை குளத்தில். 2022இல் சர்வதேச ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த கூந்தன்குளத்தில், ஊருக்குள் மரத்தில் கூடு கட்டும் நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் எட்டு மடங்கே தாராளம். நடுக்குளத்து வரித்தலை வாத்தையும், எதிர்க்கரைச் சேற்றில் மேயும் உள்ளான்களையும் இனம் பிரிக்க 25 முதல் 40 மடங்கு வேண்டும். 20–60×80 ஸ்கோப்பை வாங்கிவிட்டு 60இலேயே வைத்துப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. 60இல் ஒளிவட்டம் 1.3 மில்லிமீட்டர்தான், படம் இருண்டுவிடும். காலை பத்து மணிக்கு மேல் கானல் வேறு நெளியும். அப்போது 60இல் தெரிவதைவிட 30இல் அதிகம் தெரியும். கரை மேட்டில் ஏறி நின்றால் கானல் கொஞ்சம் குறையும். காலையில் கீழ்க்கரையில் நில்லுங்கள்; மேல்கரையில் நின்றால் வெயிலுக்கு எதிரே எல்லாப் பறவையும் கறுப்புதான்.

முக்காலியில் மிச்சம் பிடிக்காதீர்கள். நடுத்தண்டை உயர்த்தாமல், காலைக் குறுக்கி, நடுவில் பையைத் தொங்கவிட்டால் காற்றுக்கு அசையாது. நாலைந்து பேர் சேர்ந்து பார்ப்பதென்றால் சாய்ந்த கண்பகுதி உள்ள ஸ்கோப் வசதி: குள்ளமானவர் உயரத்துக்கு வைத்துவிட்டால் மற்றவர் குனிந்துகொள்ளலாம். கார் ஜன்னலிலிருந்து பார்க்க நேர்வாட்டம்தான் சரிப்படும். அடியில் நெல் நிரப்பிய துணிப்பை போடுங்கள், இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

கடையில் "10–100 மடங்கு ஜூம்" என்று பைனாகுலரைக் காட்டினால் தொடவே வேண்டாம். மற்றதை வாசலுக்குக் கொண்டுவந்து தூரத்து மின்கம்பியைப் பாருங்கள். பார்த்தபடியே பைனாகுலரைக் கண்ணிலிருந்து ஒரு சாண் விலக்குங்கள். இடப்பக்கக் கம்பியும் வலப்பக்கக் கம்பியும் மேலும் கீழுமாக விலகினால் குழல்கள் நேரில்லை. அரைமணி நேரத்தில் தலைவலி வரும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணிடைவெளி (eye relief, கண்பக்க லென்ஸுக்கும் கண்ணுக்கும் நடுவே விடக்கூடிய தூரம்) 16 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா என்று கேளுங்கள். கண் வைக்கும் ரப்பர் விளிம்பான ஐகப்பை அவர்கள் உள்ளே திருகிவைத்துத்தான் பார்க்க வேண்டும். பிறகு வலக்கண்ணை மூடி நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். இடக்கண்ணை மூடி வலக்கண் வளையத்தை மட்டும் திருப்புங்கள். சரியான இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டால், வீட்டில் யார் திருப்பிவைத்தாலும் கவலையில்லை.