பழைய எண், புதிய எண்: முகம் காட்டாத வலைகளில் வழி தேடுவது

நங்கநல்லூரில் எங்கள் வீட்டு ஹாலில், இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில், மூடி உடைந்த பழைய லேப்டாப் ஒன்று ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மாவுக்கு அது தண்டச் செலவு. எனக்கு அது, யாரோ தந்த பொட்டலத்தைப் பிரிக்காமல் வாங்கி வேறு யாருக்கோ கைமாற்றிவிடும் சின்னத் தபால் நிலையம். யார் யாரோடு பேசுகிறார் என்பதை மறைக்கும் வலைகளான டோர், ஹைஃபாநெட், ஐ2பி மூன்றையும் அதில் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்துவிட்டேன். பொட்டலத்தைப் பூட்டி அனுப்பும் என்கிரிப்ஷன் விஷயத்தில் மூன்றின் மீதும் எனக்குப் புகார் இல்லை. வழி கண்டுபிடிப்பதில்தான் மூன்றும் மூன்று குணம்.

அனுப்புகிறவர் யார், வாங்குகிறவர் யார் என்று நடுவில் இருக்கும் யாருக்கும் தெரியக் கூடாது, ஆனால் பொட்டலம் போய்ச் சேர வேண்டும். போதாக்குறைக்கு, நடுவில் இருப்பவை எல்லாம் என் லேப்டாப் மாதிரி தன்னார்வலர்களின் மெஷின்கள். மழை பெய்தால் ஃபைபர் அறுந்துவிடும். ஒருவர் ராத்திரி அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார். இந்த ஊரின் வரைபடத்தை யார் கையில் கொடுப்பது? கேள்வி அதுதான்.

டோர் இதைச் சுருக்கமாக முடித்துவிட்டது. பத்துக்கும் குறைவான நம்பகமான சர்வர்கள் மணிக்கு ஒரு முறை ஓட்டுப் போட்டு, எந்த ரிலே (நடுவில் நின்று கைமாற்றிவிடும் மெஷின்) உயிரோடு இருக்கிறது, எதற்கு எவ்வளவு வேகம் என்று ஒரே பட்டியலாக வெளியிடுகின்றன. நம் மெஷின் அதை இறக்கிக்கொண்டு மூன்று ரிலேக்களைத் தேர்ந்தெடுக்கிறது. தேடல் என்று ஒன்றும் இல்லை. பயன்படுத்த மட்டும் வேண்டும் என்றால் இதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் ரிலே ஆக வேண்டுமானால் வெளியிலிருந்து எட்டக்கூடிய ஐபி முகவரி வேண்டும். என் பிராட்பேண்ட் கம்பெனியோ பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்து வைத்திருக்கிறது. தனி ஐபி கேட்டேன், மாதாமாதம் கூடுதல் பணம் என்றார்கள். ஆக, பந்தியில் உட்கார்ந்து சாப்பிடலாம், பரிமாற முடியாது. ஆறுதலுக்கு ஸ்னோஃப்ளேக் இருக்கிறது. பிரவுசரில் போட்டுவிட்டால், தடை செய்யப்பட்ட ஊர்க்காரர்கள் டோருக்குள் நுழைய நாம் சின்ன வாசலாக இருக்கலாம்.

ஹைஃபாநெட்தான் பழைய ஃப்ரீநெட். 2000-இல் வெளிவந்தது, 2023-இல் பெயர் மாறியது. மூன்றில் இதன் யோசனைதான் அழகு, சிக்கலும் இதில்தான் அதிகம். இங்கே வரைபடமே கிடையாது. ஒவ்வொரு நோடுக்கும், அதாவது வலையில் இருக்கும் ஒவ்வொரு மெஷினுக்கும், 0 முதல் 1 வரையிலான ஒரு வட்டத்தில் ஓர் எண். தேடும் கோப்புக்கும் அதே வட்டத்தில் ஓர் எண். கோப்பின் எண்ணுக்கு மிக நெருக்கமான எண் உள்ள பக்கத்து நோடிடம் கேள்வியைத் தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான். மாம்பலத்தில் நின்று பெரம்பூரில் ஒரு தெருவை விசாரிப்பது போல. தெரு தெரியாதவரும் ‘முதல்ல சென்ட்ரல் போங்க, அங்க கேளுங்க’ என்பார். முட்டுச் சந்து வந்தால் திரும்பி வந்து அடுத்தவரைக் கேட்க வேண்டும். சுமார் பதினெட்டு கைக்கு மேல் போகாதபடி ஒரு வரம்பும் உண்டு.

இது வேலை செய்ய, அக்கம்பக்கத்தில் நிறையத் தொடர்பும் தூரத்தில் கொஞ்சம் தொடர்பும் இருக்க வேண்டும் என்று கணினி விஞ்ஞானி ஜான் கிளைன்பெர்க் 2000-இல் கணக்காகவே காட்டினார். முன்பின் தெரியாத நோடுகளோடு இணையும் முறையில் ஹைஃபாநெட் இதைத் தானே பார்த்துக்கொள்கிறது. நண்பர்களோடு மட்டும் இணையும் முறையில், நண்பர்களை மாற்ற முடியாது, எண்ணைத்தான் மாற்ற முடியும். எனவே இரண்டு நோடுகள் தங்கள் எண்களைப் பரிமாறிக்கொண்டால் நண்பர்கள் நெருக்கமாக வருவார்களா என்று கணக்குப் போட்டு, தோதாக இருந்தால் மாற்றிக்கொள்கின்றன. பழைய எண் 14, புதிய எண் 31 என்று கேட்டில் எழுதி வைத்திருக்கும் சென்னைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆனால் பொய் எண் சொல்லிப் பரிமாறும் ஒருவன் உள்ளே வந்தால்? வட்டம் முழுக்கப் பரவி இருக்க வேண்டிய எண்கள் ஒரே மூலையில் குவிந்துவிடும் என்று 2007-இல் ஓர் ஆய்வு செய்தே காட்டியது.

எனக்கு வந்த தொல்லை அதைவிடச் சாதாரணமானது. நண்பர்கள் மூன்று பேரைச் சேர்த்தேன். ஒருவர் வேளச்சேரி, ஒருவர் ஆதம்பாக்கம், ஒருவர் எங்கள் அடுத்த தெரு. மூவருக்கும் என் கம்பெனி கனெக்‌ஷன்தான். ஃபைபர் போனால் நான்கு பேரும் சேர்ந்தே போனோம்!

இதே ரக வலையான குனூநெட்டைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். முதலில் சில தாவல் கண்ணை மூடிக்கொண்டு போய், அப்புறம் எண் பார்த்து நெருங்கும் முறை அது. பொய்க்காரனைத் தாண்டிப் போக நல்ல உத்தி. நான் நாள் கணக்கில் ஓட்டியதில்லை.

ஐ2பி யாரையும் நம்பாத மாமியார் மாதிரி. முகவரிப் புத்தகம் மொத்தமும் ஒருவரிடம் இல்லை. ஃப்ளட்ஃபில் என்ற வலுவான ரூட்டர்களிடம் (ஐ2பி ஓடும் மெஷினுக்கு இங்கே ரூட்டர் என்று பெயர்) பிரிந்து கிடக்கிறது. புத்தகத்தின் எந்தப் பக்கம் யாரிடம் என்பது தினமும் யுடிசி என்ற உலகப் பொது நேரப்படி நள்ளிரவில், அதாவது நமக்கு விடியற்காலை 5.30-க்கு, மாறிவிடும். குறி வைத்து ஒருவர் பக்கத்தில் போய் உட்கார நினைப்பவன் மறுநாள் மறுபடி இடம் தேட வேண்டும். இருந்தும் 2023 தொடக்கத்தில் போலி ஃப்ளட்ஃபில்களைக் கொட்டித் தாக்கியபோது வலை திணறத்தான் செய்தது.

டனல், அதாவது சில ரூட்டர்களைக் கோத்த வழி, போடுவதுதான் இதன் தனிச் சிறப்பு. போவதற்கு ஒன்று, வருவதற்கு வேறொன்று, வழக்கமாக மூன்று மூன்று ரூட்டர்கள். என் பக்கத்தை நான் தேர்ந்தெடுக்கிறேன், எதிராளியின் பக்கத்தை அவர். போய்த் திரும்ப மொத்தம் பன்னிரண்டு கை, வேகம் மாட்டுவண்டிதான். யாரைச் சேர்ப்பது என்பதை மற்றவர் விளம்பரத்தை நம்பி முடிவு செய்யாமல், நம்மோடு நடந்துகொண்ட விதத்தை அளந்து முடிவு செய்கிறது. புதிதாக வந்த என் லேப்டாப்பைச் சில நாள் யாரும் சீண்டவே இல்லை. அப்புறம் ஒவ்வொன்றாக டனல்கள் வர ஆரம்பித்தன. பொது முகவரி இல்லாத குறையையும், மூன்றாவது ரூட்டர் ஒன்றிடம் நம்மை அறிமுகம் செய்யச் சொல்லி ஓரளவு சமாளித்துவிடுகிறது.

எந்த டனலுக்கும் ஆயுசு பத்து நிமிடம். நான் திடீரென்று காணாமல் போனாலும் நஷ்டம் அவ்வளவுதான். கரண்ட் போய்ப் போய் வரும் தெருவுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. அதனால் லேப்டாப்பில் இப்போது நிரந்தரமாக இருப்பது ஐ2பி. கரண்ட் போனால் உடனே அணைப்பதில்லை. ‘பொறுமையாக நிறுத்து’ என்பதை அழுத்திவிட்டால், கையில் இருக்கும் டனல்கள் முடிய அதிகபட்சம் பதினொரு நிமிடம். வைஃபை பெட்டியையும் இன்வெர்ட்டரில் மாட்டி வைத்திருக்கிறேன். அந்தப் பதினொரு நிமிடம் மட்டும் ஹால் ஃபேனை நிறுத்தச் சொன்னால்தான் அம்மா ஒத்துக்கொள்வதில்லை.